ஓடும் கணினியைப் போர்த்தாதீர்கள்

ஏற்காட்டில் காலை தன் இஷ்டத்துக்குத்தான் வரும். சில நாள் எட்டு மணிக்கே வெயிலோடு வந்துவிடும். சில நாள் மதியம் வரை வராது. கொட்டச்சேட்டிலிருந்து நான் ஏறி வருகிற பஸ் அந்த மாதிரி நாட்களில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனை அடித்துக்கொண்டு, இருட்டில் சுவரைத் தடவி நடப்பவர்கள் மாதிரி வரும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பேன். மிளகுக் கொடி சுற்றிய மரம் ஒன்று பனியின் வெள்ளைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும், உடனே போய்விடும். அதுக்கு அப்புறம் இன்னொன்று. விழித்திருக்கிறேனா, இன்னும் பாயில்தான் படுத்திருக்கிறேனா என்று சந்தேகமாக இருக்கும். மடியில் இருக்கும் டிபன் டப்பாவின் சூடு மட்டும்தான் நிஜம்.

நூலகத்தில் எனக்குக் கணினி வேலை. புத்தகங்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றுவது, வாசகர்களுக்குப் புத்தகம் கொடுப்பதையும் வாங்குவதையும் அதில் பதிவது, விண்ணப்பம் அனுப்ப வருகிறவர்களுக்கு இணையத்தில் வழி காட்டுவது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் அதன் கடைசி வகுப்பு வரை உட்கார்ந்தவள் நான்தான். அதன் பிறகு கல்லூரிக்கும் போனேன். அம்மா எஸ்டேட் களத்தில் காப்பி உலர்த்துகிறவர். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அவர் களத்தில் எல்லோரிடமும், "எம்பொண்ணு உக்காந்து பாக்குற வேலைக்குப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் முதுகு கொஞ்சம் அதிகமாகவே நிமிரும். இன்றைக்கும் நிமிர்கிறது.

நூலகத்தைத் திறப்பதும் பூட்டுவதும் அக்கா. அவர்தான் நூலகர். நான் பிறப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர். கணவர் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், மகள் மிஷன் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, வீடு சர்ச்சுக்கு மேலே மேட்டில். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், யார் அதைக் கொண்டுபோய் மழையில் ஊற வைத்துத் திருப்பிக் கொடுத்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் கணினி பக்கம் வரும்போது மட்டும் அவர் நடை மாறிவிடும். அயலார் வீட்டு நாயைத் தாண்டிப் போகிறவர் மாதிரி கொஞ்சம் ஒதுங்கிப் போவார்.

நான் சேர்ந்த அந்த வருடம் சேலத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. எல்லாக் கிளை நூலகங்களிலும் இனிமேல் கொடுக்கல் வாங்கல் கணினியில்தான். ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். நூலகரே தனியாக அதைச் செய்து காட்ட வேண்டும். செய்ய முடியாதவர்களைக் கீழே சேலத்தில் புத்தகம் கட்டி அனுப்பும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

அக்காவுக்குச் சேலம் என்றாலே கொண்டை ஊசி வளைவுகள்தான். பஸ் அடிவாரத்தைத் தொடுவதற்குள் முகம் வெளுத்துவிடும். கையில் வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் எலுமிச்சம்பழமும் இல்லாமல் அவர் மலை இறங்கியதே கிடையாது. தினமும் இறங்கி ஏறுவது என்பது நடக்கிற காரியமில்லை. அங்கேயே வீடு எடுத்துத் தங்கினால் மகளும் கணவரும் இங்கே தனியாக இருக்க வேண்டும்.

"நான் இல்லாட்டி அவ சாப்பாட்டுத் தட்டுலயே தூங்கிருவா கண்ணு" என்றார். "அவங்கப்பா அந்தத் தட்டு பக்கத்துலயே தூங்கிருவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு முழுக்க ஒரே புத்தகத்தைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். பெரிய பாடம் ஒன்றுமில்லை. தினமும் பொழுது சாயும் நேரத்தில், வாசகர்கள் குறைந்த பிறகு ஒன்றோ இரண்டோ. எழுத்து சின்னதாகத் தெரிந்தால் கண்ணைச் சுருக்க வேண்டாம், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து பெரிதாகும் என்று காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையையே சற்று நேரம் பார்த்தார். "இது தெரியாம கண்ணாடிக் கடைக்காரனைத் திட்டிட்டு இருந்தேன்."

தப்பாக அழித்துவிட்டால் பதற வேண்டாம், கன்ட்ரோலோடு இசட் தட்டினால் அழிந்தது திரும்பி வரும் என்றதும் அவர் நாற்காலியை இழுத்து இன்னும் கிட்டே போட்டுக்கொண்டார்.

"செஞ்சதைச் செய்யாததாக்கிருமா?"

"ஆமாங்க்கா."

"இந்தச் சாவி என் கல்யாணத்தப்ப எங்க இருந்துச்சு கண்ணு?"

பேப்பர் மேசையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. அங்கே தினமும் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதலில் வருவார், கடைசியில் போவார். செய்தித்தாளில் ஒரு காது, எங்கள் பேச்சில் ஒரு காது. "ரைட்டர்கிட்ட சொல்லட்டுங்களா?" என்றார்.

"சொல்லுங்க தாத்தா, அவரும் ஒருவாட்டி தட்டிப் பாக்கட்டும்" என்றார் அக்கா.

கடவுச்சொல் பற்றிச் சொன்னபோதும் இப்படித்தான். அக்கா தன் கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டி வைத்திருந்தார். அதுவும் மகள் பெயர். யாருக்கும் சுலபமாகத் தெரிகிற பெயரோ பிறந்தநாளோ வேண்டாம், உங்களுக்கு மட்டும் மறக்காத ஏதாவது ஒன்றை எடுத்து நீளமாக வையுங்கள், எங்கேயும் ஒட்டாதீர்கள் என்றேன். மறுநாள் வந்ததும் பெருமையாக, "வெச்சுட்டேன் கண்ணு. அடிவாரத்திலேருந்து மேல வர்றப்ப எனக்கு எந்த வளைவுல குமட்டுமோ, அதை வெச்சுத்தான். செத்தாலும் மறக்காது" என்றார்.

"அய்யோ, என்கிட்டக்கூடச் சொல்லக் கூடாதுங்க்கா."

"எனக்கும் தெரிஞ்சு போச்சுங்க" என்றார் தபால்காரர். பாவம் அக்கா, மறுபடியும் மாற்ற வேண்டியதாயிற்று.

நூலகக் கணினி பத்துப் பேர் கை படுகிற கணினி. அதனால், எழுந்து போகும்போது உங்கள் மின்னஞ்சலிலிருந்து வெளியேறினீர்களா என்று வாசகர்களை ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சுற்றுலா வந்த ஒருவர் தன் மின்னஞ்சலை அப்படியே திறந்து வைத்துவிட்டு ஏரிப் பக்கம் போய்விட்டார். அக்கா திரையைப் பார்க்காமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு பனிக்குள் ஓடி, படகுத்துறை வரிசையில் நின்ற அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். "ஏனுங்க, ஊட்டுக் கதவைத் தெறந்து போட்டுட்டுப் போலாங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர், தான் தங்கியிருந்த லாட்ஜைப் பற்றி அக்கா கேட்கிறார் என்று நினைத்துச் சாவியை எடுத்துக் காட்டினார். நானே வெளியேற்றி விட்டிருப்பேன், ஒரு சொடுக்குதான் என்றேன். "அடுத்தவங்க ஊட்டுக் கதவை நாம எப்படிச் சாத்தறது, அவங்க வந்து சாத்தட்டும்" என்றார்.

இப்படி எல்லாம் நன்றாகவே போயிற்று. ஆனால் அக்கா தனியாகச் செய்து பார்க்கிற நேரத்தில் மட்டும் கணினி அணைந்துபோனது.

அவர் தனியாகச் செய்து பார்ப்பது காலையில். எட்டு மணிக்கு நூலகத்தைத் திறந்து, என் பஸ் வரும் வரை யாரும் பார்க்காமல் பழகுவார். முக்கியமாகத் தபால்காரர் பார்க்காமல். அவர் தின்பண்டக் கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்போதுதான் அது நடக்கும். நான் படியேறி உள்ளே நுழையும்போது திரை கறுப்பாக இருக்கும். அக்கா கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்.

"மறுபடியும் செத்துருச்சு கண்ணு."

நான் குனிந்து இணைப்புகளைப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். பையை வைத்துவிட்டு, டிபன் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால் உயிர் வந்துவிடும். நாள் முழுக்க என்னோடு சமத்தாக ஓடும்.

"உன்னைக் கண்டா அதுக்கு மரியாதை. படிச்ச புள்ளைன்னு தெரியுது. என்னைக் கண்டா ஆவறதில்லை" என்பார் அக்கா.

கணினிக்கு அப்படியெல்லாம் தெரியாது என்று சொன்னேன். ஆனாலும், பொத்தானை அழுத்தியதும் அது முனகிக்கொண்டு விழிப்பதைப் பார்க்கும்போது, ஒருவேளை தெரியுமோ என்று எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று மின்வாரிய ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வைரஸ் ஏதாவது இருக்கிறதா என்று சோதித்தேன். ஒன்றுமில்லை. பனிதான் உள்ளே போகிறதோ என்றும் நினைத்தேன், ஏனென்றால் வெயில் அடிக்கிற காலையில் அது அணைவதில்லை. பனி நாட்களில் மட்டும்தான்.

அக்கா நம்பிக்கையை விட்டுக்கொண்டே வந்தார். ஒரு நாள் கடைத்தெருவில் பிளாஸ்டிக் பைகளை ஒரு கட்டாக வாங்கி வந்து மேசை டிராயரில் வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அதிகாரி வரும் நாள் நெருங்கிவிட்ட ஒரு காலையில் என் பஸ் வரவில்லை. செம்மநத்தம் பக்கம் ரோட்டில் மரம் சாய்ந்துவிட்டது என்றார்கள். அந்த நேரம் பார்த்து டவுனுக்குக் கிளம்பிய எஸ்டேட் ஜீப் ஒன்றில் இடம் கிடைத்தது. அது வேறு வழியில் போகிற வண்டி, பஸ்ஸைவிட வெகு சீக்கிரம் கொண்டுவந்து இறக்கிவிட்டது.

அன்றைக்கு இருந்த பனியை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நூலகத்தின் படிகள் இருந்தன, நூலகம் இல்லை. படியேற ஏறத்தான் சுவர் வந்தது, பிறகு ஜன்னல் வந்தது. ஜன்னலுக்குள் திரையின் நீல வெளிச்சம், தண்ணீருக்கு அடியில் எரிகிற விளக்கு மாதிரி. அந்த வெளிச்சத்தில் அக்காவின் முகம். உதடு அசைய எண்களைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விசையாகத் தட்டுகிறார். தோளில் சால்வை இல்லை. நான் அங்கேயே நின்றேன். கூப்பிட்டால் எல்லாம் கலைந்துவிடும் என்று தோன்றியது.

பிறகுதான் தரையைப் பார்த்தேன். மேசைக்கு அடியில் இருந்த கணினிப் பெட்டியைக் காணோம். அதன் இடத்தில் கம்பளிச் சால்வை சுற்றிய ஏதோ ஒன்று. சால்வைக்கு மேலே களத்தில் விரிக்கிற தார்ப்பாய்த் துண்டு. அதன் ஓரங்கள் நான்கு பக்கமும் உள்ளே செருகியிருந்தன, காற்று புகாமல், கைப்பிள்ளையைத் தூங்க வைத்த மாதிரி.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. அக்கா குனிந்து தார்ப்பாயை எடுத்து மடித்து அலமாரிக்குப் பின்னால் வைத்தார். சால்வையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியின் மேல் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பானை மாதிரி சுட்டது.

"ஏனுங்க்கா, இதுக்கு எதுக்குங்க போர்வை?"

இவ்வளவு சீக்கிரம் நான் எப்படி வந்தேன் என்று அவருக்குப் புரியவில்லை. அதைவிட என் கேள்வி புரியவில்லை. "பனி எறங்குதில்ல கண்ணு? மூடாம எப்படி உடறது? செத்த பின்னாடிதான் எடுத்துருவேன், அப்புறம் நீ வந்து பாத்துக்குவே. உங்கம்மா களத்துல மூடறதில்லையா?"

மூடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மூடுகிறார். மலையில் வெள்ளை இறங்குகிற நேரத்தில் களமெங்கும் பெண்கள் ஓடுவார்கள். காப்பியைக் குவித்து, சாக்கைப் போட்டு, அதன் மேல் தார்ப்பாயை இழுத்து ஓரத்தில் கல் வைப்பார்கள். விறகை மூடுவார்கள். மிளகை மூடுவார்கள். தொட்டிலை மூடுவார்கள். இந்த மலையில் ஒரு பொருள் உங்களுக்கு முக்கியம் என்றால், பனி வரும்போது முதலில் அதை மூடுவீர்கள். சேலத்தில் யாருக்கும் இந்த எண்ணமே வந்திருக்காது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா முகம் போன போக்கைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினேன். "காத்தாடி இருக்குது பாருங்க்கா. ஓடும்போது உள்ள சூடாகும். அந்தச் சூட்டை இந்த வழியாத்தான் வெளிய தள்ளும். மூடினா சூடு போக வழியில்லை. வெந்துபோகக் கூடாதுன்னு அதுவே அணைஞ்சுக்குது. நான் வர்றதுக்குள்ள ஆறிருது, அதனாலதான் எனக்கு ஓடுது."

அக்கா அந்தச் சின்னக் காத்தாடியையே பார்த்தார்.

"அப்ப அது என்னைப் பிடிக்காம சாவலை?"

"இல்லைங்க்கா."

"நான்தான் இத்தனை நாளா மூச்சைப் பிடிச்சு வெச்சிருந்தேன்." பெட்டியின் தலையில் லேசாகத் தட்டினார். "மன்னிச்சுக்க சாமி."

பனி ஈரம் பற்றிய பயம் பொய்யில்லை. அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வேலை முடிந்ததும் முறையாக அணைப்பது. கை வைத்துப் பார்த்து, நன்றாக ஆறிய பிறகு மூடுவது. காலையில் முதல் வேலையாகப் போர்வையை எடுத்துவிட்டுத்தான் பொத்தானைத் தொடுவது. தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விட்டால் அதன் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். ஜன்னலை ஒட்டியிருந்த மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டோம்.

அதற்கப்புறம் அது அணையவில்லை. அக்கா ஒவ்வொரு காலையும் பழகினார். ஒரு வரி அடித்தால் ஒரு முறை சேமிக்க வேண்டும் என்பதை ஜெபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டார். ஆனாலும் டிராயரில் இருந்த பிளாஸ்டிக் பைகளை எடுக்கவில்லை.

அதிகாரி வந்த நாளில் நல்ல பனி. கீழே வெயிலில் கிளம்பியவர், அரைக்கை சட்டையோடு வந்து நின்றார். குளிரில் தாடை நடுங்கியது. வளைவுகள் அவரையும் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது, முதலில் தண்ணீர் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அந்தப் பக்கம் உக்காந்துக்கோங்கம்மா. எதுவும் சொல்லக் கூடாது. அவங்களே செய்யட்டும்" என்றார்.

நான் பேப்பர் மேசையில் போய் உட்கார்ந்தேன். என் கைக்கு எந்த வேலையும் இல்லாமல் போனது அன்றைக்குத்தான். தபால்காரர் வாசகராக ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றார். அக்கா கடவுச்சொல்லைத் தட்டினார், தபால்காரரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. உறுப்பினர் எண்ணை அடித்தார். சேமித்தார். புத்தக எண்ணை அடித்தார். சேமித்தார்.

அப்போது ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்தது. இங்கே அது அப்படித்தான், கேட்காமல் வரும், அலமாரிகளுக்கு நடுவில் நடக்கும். தபால்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பனி உள்ள வருது பாருங்க. மிசினை மூடுங்க" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை. அவரும் இந்த மலைக்காரர்தானே.

அக்காவின் கை தோளுக்குப் போயிற்று. சால்வையை எடுத்தார். பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓடற மிசினை மூடக் கூடாதுங்க தாத்தா. சூடு வெளிய போகணும்" என்றார் அக்கா. எழுந்து, பெட்டியைத் தாண்டிப் போய், அந்தச் சால்வையை அதிகாரியிடம் நீட்டினார். "குளிர்ற மனுசரை மூடலாம். போத்திக்கோங்க சார்."

அதிகாரி ஒரு நொடி யோசித்தார். பிறகு வாங்கிப் போர்த்திக்கொண்டார். ஊதாப் பூப்போட்ட சால்வை. அதன் பிறகுதான் அவர் தாடை நடுங்குவது நின்றது.

உடனே மின்சாரம் போனது. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பேட்டரி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. சேமித்தார், திறந்திருந்த பக்கத்தை மூடினார், கணினியை முறையாக அணைத்தார். "மின்சாரம் வந்ததும் பாத்துக்கலாங்க சார்" என்று கையைக் கட்டிக்கொண்டார். நான்கு பேரும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு அலமாரியில் பழைய தாள் ஈரத்தில் மணத்தது. வெளியே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்து அடித்து வழி கேட்டுக்கொண்டே போயிற்று.

மின்சாரம் வந்தது. அக்கா கணினியைப் போட்டார். தபால்காரரின் பெயரும் அவர் எடுத்த புத்தகமும் விட்ட இடத்திலேயே இருந்தன.

"தாத்தா, புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்க மறந்துராதீங்க. இப்ப மிசினுக்கே தெரியும்" என்றார் அக்கா.

அதிகாரி எழுதிக்கொண்டு கிளம்பினார். ஜீப் வரை போய், ஞாபகம் வந்து, சால்வையைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா உள்ளே போய் டிராயரைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்து அவர் கையில் கொடுத்தார். "கீழ போறப்ப தேவைப்படுங்க சார்." அவர் எதற்கு என்று கேட்கவே இல்லை, வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து மாறுதல் உத்தரவுகள் வந்தன. அக்காவுக்கு எதுவும் வரவில்லை. வராத ஒன்றைக் கொண்டாடுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா மீதிப் பிளாஸ்டிக் பைகளை எடுத்து, மழை நாளில் புத்தகம் கொண்டுபோகிற வாசகர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

இப்போது கிளை நூலக ஊழியர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. அவ்வப்போது கணினி பற்றி ஒரு குறிப்பு போடும்படி என்னைக் கேட்டார்கள். சேமிப்பது, கடவுச்சொல், தெரியாத இணைப்பைத் தொடாமல் இருப்பது, எல்லாம் எழுதுகிறேன். முதல் குறிப்பாக நான் எழுதியது, ஓடும் கணினியைப் போர்த்தாதீர்கள் என்பது. கீழேயிருந்து சிரிப்பு முகங்களாக வந்தன. யாராவது கணினிக்குப் போர்வை போடுவார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். அந்தக் குழுவில் அவர் எழுதிய முதல் வரி அது. "நாங்க போடுவோம்."

பொழுது சாய்ந்ததும் கணினியை அணைக்கிறோம். ஆறும்வரை காத்திருக்கிறோம். செய்வதற்கு ஒன்றுமில்லாத இந்தக் கொஞ்ச நேரம்தான் நாளிலேயே எனக்குப் பிடித்தது. வெளிச்சம் போடாமல் உட்கார்ந்திருப்போம். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஒவ்வொன்றாகக் கரையும். இந்நேரம் களத்தில் அம்மா தார்ப்பாயின் ஓரத்தில் கல்லை வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அக்கா குனிந்து பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று பார்ப்பது போல. "ஆறிருச்சு" என்பார். மூடிவிட்டுக் கதவைப் பூட்டுவோம்.

பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு உறுமிக்கொண்டு நிற்கும். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி, சர்ச் மேட்டில் ஏறுவார். சால்வை இப்போது கணினியின் மேல் இருக்கிறது. அதனால் குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டுதான் நடப்பார். கொஞ்ச தூரம் வரை அவர் முதுகு தெரியும். பிறகு பனி அவரையும் மூடிக்கொள்ளும்.